என் எண்ணில் ஏறிய கட்டுரைகள்

கபடி விளையாடும் பெண்களின் முழங்கால் வலியைப் பற்றி நான் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. சின்ன வெங்காயத்தின் விலை அறுவடை நேரத்தில் மட்டும் ஏன் விழுகிறது என்பதும், திருமழபாடிக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு எத்தனை ஆடுகள் விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் இவற்றையெல்லாம் எழுதியவன் நான் என்று சில வாரங்கள் பதிவாகியிருந்தது. அதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்த வந்தபோது நான் கழுத்தை நீட்டினேன். சொல்ல வந்தது அதைத்தான்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில் நான் நூலகராக இருந்தேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவைக்க மின்களஞ்சியம் ஒன்று தொடங்கச் சொன்னார்கள். பெயர்தான் பெரியது. கணினிக்குள் ஓர் அலமாரி, அவ்வளவே. ஆசிரியர்கள் பென்டிரைவை என் மேசையில் வைத்து, "ஏத்திடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். நான் ஏற்றுவேன்.

ஏற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு. தலைப்பு, எழுதியவர் பெயர், ஆண்டு, கடைசியாக எழுதியவரின் ஆய்வாளர் எண். ஒரே பெயரில் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் ஆய்வு செய்கிறவர்களுக்குத் தனித்தனி எண் இருக்கிறது. அவரவர் இணையத்தில் பதிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. எங்கள் ஆசிரியர்கள் யாரிடமும் எண் இல்லை. ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள் என்று நான் மட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

எண் இல்லாதவருக்கு எண் உள்ளவர் கொடுத்து உதவுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அரியலூரில் எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டு ரேஷன் கார்டு என் செல்போன் எண்ணில்தான் இருந்தது. கார்டு எடுத்த காலத்தில் அவர்களிடம் போன் இல்லை. "சார் நம்பரைப் போட்டுக்குங்க" என்றார்கள், போட்டுக்கொண்டார்கள். எந்த வீட்டில் இந்த மாதம் துவரம்பருப்பு வாங்கினார்கள் என்று அந்த வீட்டு மருமகளுக்கு முன்னால் எனக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில் களஞ்சியத்திலும் எல்லாருக்கும் என் எண்ணையே போட்டேன். பக்கத்தைத் திறந்தால் எழுதியவர் பெயர்தான் தெரியும், எண் உள்ளே மறைந்திருக்கும். பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நினைத்தபடியே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

சில ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் இன்னொரு மென்பொருள் வந்தது. அதில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பக்கம். என்ன எழுதினார், எந்த மாநாட்டுக்குப் போனார், எத்தனை பேருக்கு வழிகாட்டுகிறார் என்று எல்லாம் அதில் இருக்கும். பழைய ஆட்களான எங்களையும் சேர்த்திருந்தார்கள். கட்டுரை விவரங்களை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாமே என்று அதைக் களஞ்சியத்தோடு இணைத்தார்கள். இணைத்த மறுநாள் கணினித் துறை ஆசிரியர் எனக்குப் போன் செய்தார்.

"சார், நல்லாருக்கீங்களா? ஒரு சந்தேகம். நீங்க கபடி ஆடுவீங்களா?"

"இல்லையே."

"வெங்காயம் கிங்காயம் போட்டிருக்கீங்களா?"

"நமக்கு ஏதுங்க காடு? என்ன விஷயம்?"

"காலேஜ்ல இருக்குற அத்தனை கட்டுரையும் உங்க பக்கத்துல வந்து உக்காந்திருக்கு சார். மத்தவங்க பக்கமெல்லாம் கழுவி வெச்ச தட்டு மாதிரி இருக்கு. அது பேரைப் பாக்கல, நம்பரைத்தான் பாக்குது போல. எல்லாத்துக்கும் உங்க நம்பரை யாரு போட்டாங்கன்னு தெரியுங்களா?"

தெரியும். கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது. "பாத்துச் சொல்றேன்" என்றேன்.

நான் பார்த்துச் சொல்வதற்குள் அந்த மென்பொருள் தானாகவே, அதிகம் எழுதியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு முதல்வருக்கு அனுப்பிவிட்டது. முதல்வர் அந்த ஆண்டுதான் வெளியூரிலிருந்து வந்தவர், என்னைப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருந்தது. என்னிடம் இரண்டு முதுகலைப் பட்டங்கள் உண்டு, முனைவர் பட்டம் இல்லை.

என் மனைவி அழைப்பிதழை வாங்கிப் படித்தாள். "எப்பங்க முனைவர் ஆனீங்க?"

"அச்சடிக்கும்போது தப்பாயிருக்கும்."

போனில் என் பக்கத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "கபடிப் புள்ளைங்க முட்டி வலிக்கு ஆராய்ச்சியா? பத்து வருஷமா இந்த வூட்ல ஒரு முட்டி கத்திக்கிட்டுக் கெடக்கு, அது உங்க காதுல விழல. போகாதீங்க. போன் பண்ணி சொல்லிடுங்க."

"போயிட்டு வந்து சொல்லிக்கறேன்" என்றேன்.

ஏன் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கல்லூரி விழாக்களில் நூலகரின் வேலை, சிறப்பு விருந்தினருக்குத் தரும் புத்தகத்தைக் கலர்த் தாளில் சுற்றித் தருவது. வேலை பார்த்த காலமெல்லாம் நான் சுற்றிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறையாவது அந்தப் பொட்டலத்தை மேடையில் நின்று வாங்கிப் பார்க்க ஆசையாக இருந்தது.

வாங்கினேன். கணினித் துறை ஆசிரியர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவர் உடற்கல்வி இயக்குநர். முழங்கால் கட்டுரை அவருடையது. பாவம், தன் பக்கத்தை அவர் இன்னும் திறந்து பார்த்திருக்கவில்லை.

திறந்து பார்த்தவர் ஒருவர்தான். தாவரவியல் ஆசிரியை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், கணவர் துபாயில். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரிகளில் எந்தச் செடி முதலில் முளைக்கிறது என்பது அவருடைய ஆய்வு. விழா முடிந்ததும் போனோடு என்னிடம் வந்தார்.

"மாஷா அல்லாஹ், ரொம்ப சந்தோஷம் சார். ஒண்ணு கேக்கணும். என் பக்கத்துல ஒண்ணுமே இல்லீங்க. பிஎச்டி புள்ளைங்களுக்கு கைடா இருக்க அப்ளிகேஷன் போடறேன், வெள்ளிக்கெழம கடைசி நாள். யுனிவர்சிட்டியில இந்தப் பக்கத்தத்தான் பாப்பாங்களாம். என் நாலு கட்டுரையும் நீங்கதானே சார் ஏத்துனீங்க?"

"சர்வர்ல ஏதோ கோளாறும்மா. தானா சரியாயிடும்" என்றேன், பொன்னாடையோடு.

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்று போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது அவருடைய கட்டுரை ஒன்றைப் போனில் திறந்தேன். நூற்றுக்கணக்கில் ஏற்றியிருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை. சித்திரை வெயிலில் குவாரிப் பள்ளத்தில் கயிறு கட்டி, கட்டம் கட்டமாக எருக்கையும் துத்தியையும் எண்ணியிருக்கிறார். முடிவில், கேட்ட நூல்களைத் தேடித்தந்த நூலகருக்கு நன்றி என்று ஒரு வரி. பதிவின்படி கட்டுரை எழுதியவனும் நான், நன்றி சொன்னவனும் நான், வாங்கிக்கொண்டவனும் நான். சுண்ணாம்பு லாரி ஒன்று பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. முகத்தில் அடித்த தூசியைப் பொன்னாடையால்தான் துடைத்தேன்.

அன்றே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. செவ்வாய்க்கிழமை சம்பந்தி போனில் வாழ்த்தினார், அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை போட்டோ வந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாவரவியல் ஆசிரியை கேட்டதை மனைவியிடம் சொல்லியிருந்தேன். அன்று சாப்பிடும்போது அவள், "அந்தப் பொண்ணு அப்ளிகேஷன் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள். ரசத்துக்கு நான் உட்காரவில்லை.

வியாழக்கிழமை காலை முதல்வர் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணினியில் என் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, "அப்ப கபடியும் நீங்க இல்லையா?" என்றார்.

"இல்லீங்க சார்."

கணினித் துறை ஆசிரியரைக் கூப்பிட்டார்கள். "எண்ணை இப்பவே மாத்தலாம் சார். ஆனா ரெண்டு மென்பொருளும் ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். அதுவரைக்கும் மேடம் பக்கம் காலியாத்தான் இருக்கும். திங்கக்கெழம சொல்லியிருந்தா, அந்தக் கம்பெனிக்கு எழுதி முன்னாடியே ஓட வெச்சிருக்கலாம், ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

அதனால், கட்டுரைகள் அவருடையவை என்று நான் ஒரு கடிதம் எழுதி விண்ணப்பத்தோடு இணைப்பது என்று முடிவானது. 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தொடங்கி நல்ல தமிழில் எழுதினேன். தாவரவியல் ஆசிரியை வந்து படித்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப திங்கக்கெழமயே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என் பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார். "மிஷின் மேல போட்டா அங்க யாரும் நம்ப மாட்டாங்க. என் நம்பரை நான்தான் போட்டேன், இந்த நாலு கட்டுரையில ஒரு வரிகூட என்னுது இல்லன்னு எழுதுங்க."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பல்கலைக்கழகம் கடிதத்தை ஏற்கவில்லை. பக்கத்தில் இருப்பதைத்தான் பார்ப்போம், அடுத்த முறை விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த முறை அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அவரிடம் குவாரிச் செடிகளை ஆராயக் காத்திருந்த பெரம்பலூர் மாணவி அதற்குள் வேறொருவரிடம் சேர்ந்து, வேறு ஏதோ தலைப்பில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது என்னால் வந்த நஷ்டம். அதைத் திருத்த எந்தப் படிவமும் இல்லை.

மற்றவற்றைத் திருத்தினேன். தினமும் கல்லூரிக்குப் போய், ஒவ்வோர் ஆசிரியரையும் பக்கத்தில் உட்காரவைத்து எண் வாங்கிக்கொடுத்து, பதிவு பதிவாக மாற்றினேன். ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கம் இளைத்தது. கபடி போனது, வெங்காயம் போனது, கோயில் ஆடுகளும் போயின. பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "போத்துனத எப்படி சார் வாங்கறது?" என்றார் முதல்வர். மனைவி அதைத் தைலம் தேய்த்த முழங்காலில் சுற்றிக்கொள்கிறாள்.

திருத்தத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று என் கடிதத்தையும் களஞ்சியத்தில் ஏற்றச் சொன்னார்கள். என் எண்ணைப் போட்டு ஏற்றினேன். இன்று என் பக்கத்தில் இருப்பது அது ஒன்றுதான். முதல் வரியை அடித்துத் திருத்தியவர் தாவரவியல் ஆசிரியை என்பதால், இணை ஆசிரியராக அவர் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்" என்றார். "அது உங்களுதாவே இருக்கட்டும்."