எட்டு மணிப் பாட்டு

டம்ளரில் தண்ணீரை மொண்டு வைத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு செவ்வந்தி குரல் கொடுக்கிறாள். "பூஜா, பாட்டப் போடும்மே."

பூஜா பக்கத்து வீட்டு மருமகள். மணி எட்டானால் போனோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள். நின்றுபோன ஒரு டிவி நகைச்சுவைத் தொடரின் தொடக்கப் பாட்டு அதில் ஒலிக்கும். உடனே, கட்டிலில் கிடக்கும் செவ்வந்தியின் புருஷன் எல்லப்பன் வாயைத் திறப்பான். கட்டின பெண்டாட்டியைக்கூட அடையாளம் தெரியாத மனிதன். கஞ்சியைக் கன்னத்தை அழுத்தித்தான் ஊட்ட வேண்டும். மாத்திரை என்றால் பல்லைக் கடித்துக்கொள்வான். பாட்டுக்கு மட்டும் அந்த வாய் தானே திறக்கிறது. மாத்திரை தவறினால் வலிப்பு. இன்னொரு வலிப்பை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செவ்வந்திக்கு ஐம்பது நெருங்குகிறது. உத்திரமேரூரைச் சுற்றி எந்தக் கழனியில் நடவென்றாலும் முதல் ஆளாக இறங்குகிறவள். முன்பெல்லாம் நாற்றை ஊன்றிக்கொண்டே முந்தின நாள் தொடரை நடித்துக் காட்டுவாள். "அந்த மருமவன் கீறானே, மாமியா வூட்டுச் சோத்த துன்னுக்கினு மாமியாளையே கொற சொல்றான். எங்க வூட்டு ஆளு கணக்கா." வேடிக்கையைச் சொல்லி முடிக்கும் முன்பே அவளே சிரித்துவிடுவாள். இப்போது அவள் வரிசையில் நாற்று மட்டும் நகர்கிறது.

அந்தத் தொடர் டாணென்று எட்டுக்கு வந்த காலம் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் வலிப்பு மாத்திரை கொடு என்று நர்ஸம்மா சொன்னபோது, செவ்வந்தி அந்தப் பாட்டையே கணக்காக வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பாட்டு இருக்கும்போது பேட்டரி எதற்கு? கசப்பென்று முரண்டு பிடிக்கிற எல்லப்பன், பாட்டைக் கேட்டதும் சிரிக்க வாய் திறப்பான். சட்டென்று உள்ளே போட்டுவிடுவாள்.

"பொண்டாட்டியா நீ, போலீசா?" என்பான்.

பிறகு, பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். "எட்டு மணின்னு யாரு அத்தே இப்ப டிவி முன்னாடி குந்திக்கினு கீறாங்க? தோணுறப்ப போன்ல பாத்துக்கிறாங்க" என்றாள் பூஜா. டிவிக்காரர்கள் தொடரை ஒன்பதுக்குத் தள்ளினார்கள். அப்புறம் பத்தரைக்கு. மாத்திரையும் அதன் பின்னாலேயே போயிற்று.

ஒருநாள் நடவு முடித்து இடுப்பொடிந்து வந்தவள், பாட்டு வரட்டும் என்று சுவரில் சாய்ந்தாள். கண் விழித்தபோது விடிந்திருந்தது. மாத்திரை முடிச்சிலேயே இருந்தது. எல்லப்பன் வாய்க்காலுக்குப் போயிருந்தான். வலிப்பு வந்து முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். உயிர் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீடு திரும்புவதற்குள் தொடரையே நிறுத்தியிருந்தார்கள்.

"எம்மேல தப்பு இல்லேன்னு அல்லாரும் சொல்றாங்க. மாத்திர எம்முடிச்சுல தானே இருந்துச்சு" என்பாள் செவ்வந்தி.

போனில் பழைய பாகங்கள் எந்நேரமும் கிடைக்கின்றன. தெருவில் யார், எப்போது போட்டாலும் எல்லப்பனின் வாய் திறந்துகொள்கிறது. "பகல்ல போட்டு பேஜார் பண்றாங்களே, வேணாம்னு சொல்லிட்டு வரட்டா அத்தே?" என்று பூஜா கேட்டாள்.

"உடும்மே. அவங்களாச்சும் சிரிக்கட்டும்."

நேற்று உச்சிப்பொழுதில் எதிர்வீட்டிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. எல்லப்பன் வாயைத் திறந்து காத்திருந்தான். அந்த வேளைக்கு மாத்திரை கிடையாது. செவ்வந்தி அடுப்படிக்குப் போய், டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்துவந்து அவன் நாக்கில் வைத்தாள். அது கரைந்து வாய் மூடும்வரை, அவன் மோவாயில் வைத்த கையை எடுக்கவில்லை.