அம்மா சுட்ட வலைக்குண்டு

பச்சைக் களிமண்ணும் சூளைப் புகையும் மணக்கும் விருத்தாசலத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பருவம் முழுக்க, எங்கள் வீட்டில் மட்டும் கடல் நாற்றம் அடித்தது. உத்தரத்தில் ஒரு மீன்வலை தொங்கியதுதான் காரணம். "கடலில்லாத ஊருல வல காயுற வூடு" என்று தெருவே கேலி செய்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

வலை அஞ்சலை அத்தையுடையது. கடலூர் ரயிலில் கூடை நிறையக் "கவளை" மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவள். அந்த வருஷம் விரல் நீளக் கவளை கரைப்பக்கமே வரவில்லை. அதைத் தின்று வாழும் வஞ்சிரமும் பாறையும் கூடவே விலகிப்போக, கட்டுமரங்கள் மணலில் கிடந்தன. வலையின் ஈயக்குண்டுகளை ஏற்கெனவே விற்றுவிட்ட அவள் கணவர், வலையையும் விற்றுவிட்டுக் கல்லுடைக்கப் போகலாம் என்றதும், அத்தை அதைக் கூடையில் சுருட்டி எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்து எங்களோடேயே தங்கிவிட்டாள்.

"இந்த வலயும் போச்சுன்னா மறுபடி கடலுக்கே போவ முடியாதுக்கா. குண்டு இல்லாம இது தண்ணியில மெதக்குமே, என்னா பண்ணுவேன்?" என்று அழுதாள்.

பீங்கான் பொம்மைக் கூடத்தில் வேலை பார்த்த அம்மாவுக்கு அழுகை பிடிக்காது. "ஏண்டி அழுவுற? ஈயம் இல்லன்னா மண்ணு இருக்குது" என்றாள். பொம்மைக்கான பீங்கான் களிமண்ணை உள்ளங்கையில் உருட்டி, ஈர்க்குச்சியால் துளையிட்டு, பொம்மைகளுக்கு நடுவே சூளையில் வைத்துச் சுட்டு எடுத்தாள். மேஸ்திரி பார்த்தும் பார்க்காதவர்போல நகர்ந்துவிட்டார். வெள்ளை வெளேரென்ற அந்தக் குண்டுகளை நாங்கள் மூவரும் உட்கார்ந்து வலையில் கட்டினோம்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், "கவள வந்துருச்சு" என்று ரயிலில் சேதி வந்தது. அத்தை வலையோடு ஓடினாள். மறுநாள் மாலை தெருமுனையிலேயே அவள் குரல் அதிர்ந்தது: "யக்கா! ஒம் மண்ணு கடலயே இழுத்தாந்துருச்சு, வந்து பாருக்கா!" அன்று அவள் யாருக்கும் விற்கவில்லை, தெருவுக்கே அள்ளிக் கொடுத்தாள். கேலி செய்த வீடுகளிலெல்லாம் கவளைக் குழம்பு கொதித்தது. ஊரையே ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் ஒவ்வொரு வாசலாகப் போய் மோப்பம் பிடித்தேன்.

இப்போது கடலூர் ரயிலில் கவளைக் கூடை ஏறுவதில்லை. குஞ்சைக்கூட விடாமல் வாரி, தீவனத்துக்கு அரைக்க லாரியில் ஏற்றுகிறார்கள். பெரிய மீனைத் தேடிப் போகிற படகுகள் டீசலை எரித்துவிட்டு வெறுமனே திரும்புகின்றன. போன மாதம் துறைமுகத்தில் அத்தையின் மகன், அந்தப் பழைய வலையிலிருந்து ஒரு குண்டை அவிழ்த்து என் கையில் வைத்தான். உப்பு அரித்தும் அதில் அம்மாவின் கட்டைவிரல் ரேகை அழியவில்லை. சாகும்வரை கடலையே பார்க்காத என் அம்மா, கடலின் அடிவரைக்கும் போய் வந்திருக்கிறாள்.