கேட்டன் எண்டு சொன்ன குருவிகள்

எனக்குச் சீனி வருத்தம் வந்ததால்தான் நாங்கள் குருவி பார்க்கத் தொடங்கினோம். தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்கச் சொன்னார் டொக்டர். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருசம் கோப்புகளோடு குந்தியிருந்தவளை இனி நட என்றால் கால் லேசில் எழும்புமா? தனிய நடக்க அலுப்பாயும் இருந்தது. வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர் வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு என்ஜின் திருத்துகிறவர். வேலைக்குப் போக முதல், விடிய ஐந்தரைக்கு மட்டக்களப்புக் கல்லடியில் இறங்கி, வாவிக்கரையோரமாய் நாவற்குடாப் பக்கம் போய்த் திரும்புவோம்.

கூழைக்கடா ஒன்று வந்து தண்ணீரில் இறங்கும். நிற்போம். நீர்க்காகம் செட்டையை விரித்து வெயில் காயும். அதற்கும் நிற்போம். டொக்டர் கேட்டால் நடந்தேன் என்பேன், உண்மையில் நின்றதுதான் கூட. கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து ஒரு பைனாகுலர் எடுப்பித்தோம். மறுகா ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினோம், கண்டதை எல்லாம் எழுதிவைக்க.

கொப்பிக்கு ஒரு சட்டம் இருந்தது. போட்டது நான். கண்டதோ கேட்டதோ, இரண்டு பேருக்கும் கிடைத்தால்தான் எழுதலாம். ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் அது கணக்கில் இல்லை. ஏனென்றால் அவர் எப்போதும் எனக்கு நாலு எட்டு முன்னால் நடந்து, "அந்தா போயிட்டுது, நீ காணல்லியா?" என்று என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவார். என்னை விட்டுவிட்டு ஒரு மனிசன் மட்டும் குருவி பார்ப்பதா? நல்ல கதை! சட்டம் போட்ட பிறகு என்னோடு சேர்ந்து நடந்தார். ஐந்து வருசம் ஒரு சண்டையும் இல்லை. வாவியில் எதுவும் ஒளிந்து நிற்பதில்லை. ஆலாவும் நாரையும் ஆள்காட்டியும் வெட்டவெளியில்தான் நிற்கும். கண் இருந்தால் போதும்.

கொப்பி நிரம்பி வர எனக்கு ஆசையும் கூடிற்று. கடல் மட்டத்துக் குருவிகளைப் பார்த்தாயிற்று, மலையில் இருப்பதையும் பார்க்கவேண்டும், ஏற ஏற என்னென்ன மாறுகிறது என்று பார்க்கவேண்டும் என்று நச்சரித்தேன். போன மாசியில் அவர் நாலு நாள் லீவு போட்டார். என்ஜின் ஏற்றுகிற பழைய வான் வண்டியில் செங்கலடியால் திரும்பிப் பதுளை வீதியில் ஏறினோம்.

அந்தப் பயணத்தின் முதல் பாதி சொர்க்கம். வயல் வட்டைகளில் கொக்குகள் வெள்ளை வெள்ளையாய் நின்றன. மகாஓயா தாண்ட மயில்கள். பிபிலைக்குக் கிட்ட இருவாய்ச்சி இரண்டு வீதிக்கு மேலால் பறந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தி, வான் வீதியை விட்டு இறங்கப் பார்த்தது. பதுளைக்கு மேலே குளிர் பிடித்தது. வெலிமடையில் நான் சேலைக்கு மேல் அவருடைய நீளக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டேன். இருட்டுகிற நேரம் நுவரெலியாவுக்கு அங்கால் ஒரு சின்ன விடுதியில் போய் இறங்கினோம்.

அடுத்த நாள் விடிய நாங்கள் செய்ததுதான் மட்டக்களப்பார் செய்கிற வேலை. வாவிக்கரையில் பழகின கண் இல்லையா? எங்கே வெளி ஆகக் கூடத் தெரிகிறதோ அந்த இடத்தைத் தேடிப் போய், தேயிலைச் சரிவின் உச்சியில் நின்றோம். இரண்டு மணித்தியாலம் நின்றோம். மூன்று காகம், ஒரு மைனா, எங்களைப் பார்த்துக் குரைத்த ஒரு நாய். இதற்கா இவ்வளவு தூரம் வந்தது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

விடுதியில் சமைக்கிற பெண் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். நாற்பது வயதிருக்கும். எங்களைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்க்கா, வெட்டவெளியில நின்னு என்னத்தப் பாக்குறீங்க? இங்க குருவியெல்லாம் காட்டுக்குள்ள இருக்கு. மொதல்ல சத்தம் கேக்கணும், அப்புறந்தான் ஆளக் காணலாம். வேல முடிச்சிட்டு நானே கூட்டிட்டுப் போறேன்."

பத்து மணிக்கு அவள் எங்களை விடுதிக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் கூட்டிப்போனாள். மரமெல்லாம் பாசி. பத்தடிக்கு அங்கால் மூடுபனி. ஆனால் சத்தம்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேலே ஒன்று, புதருக்குள் ஒன்று, எல்லாம் ஊசி போல மெல்லிய குரல்கள். அவள் ஒவ்வொன்றையும் காதாலேயே பிடித்து, இது காதோரம் மஞ்சளா இருக்குமே அது, இது நீலமா இருக்கிற ஈப்பிடிப்பான் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒவ்வொருமுறையும் அவரைப் பார்ப்பேன்.

"கேட்டதா?"

"ஓம், கேட்டன்."

கொப்பியில் ஏழு எழுதினேன். கண்ணால் கண்டது ஒன்றுகூட இல்லை, ஏழும் காதால் கேட்டது. எனக்குப் பூரிப்பு என்றால் அப்படியொரு பூரிப்பு.

பின்னேரம் அவளோடு ஓடைக்கரைக்குப் போனோம். இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நீலக் கறுப்புக் குருவி அங்கே இருக்கிறதாம், பொழுதுபடுகிற செக்கல் நேரத்தில் சீட்டியடிக்குமாம். பற்கள் கிடுகிடுக்கக் குந்தியிருந்தோம். அடித்தது! பிரேக் தேய்ந்த சைக்கிளைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஒரு கீச்சு. சமைக்கிற பெண் என் கையைக் கிள்ளினாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "நல்ல வடிவாக் கேட்டன்."

இராச்சாப்பாட்டில் அவள் பகிடியாய்க் கேட்டாள்: "சார், எப்பிடிக் கத்துச்சு, செஞ்சு காட்டுங்க பாப்போம்."

"குயில் மாதிரித்தானே," என்றார் அவர்.

அவள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு ரொட்டியை வைத்தாள். நான் பிய்த்த ரொட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தேன். குயிலா? அந்தக் கீச்சுக்கும் குயிலுக்கும் என்ன உறவு?

விடியக் காட்டோரம் வந்து நின்றோம். மூடுபனி இறுகியிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. நான் வேண்டுமென்றே விரலைத் தூக்கினேன்.

"அந்தா! கேட்டீங்களா?"

"ஓம், ஓம். கேட்டன்."

"ஒரு கோதாரியும் கத்தல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் எங்கேயோ இருந்த குருவிகள்கூடப் பறந்திருக்கும். "என்னை என்ன விசரி எண்டா நினைச்சிங்க? நேத்து எழுதின ஏழும் பொய், அந்தச் சீட்டியும் பொய்! கொப்பியை நாசமாக்கிப் போட்டீங்களே!"

அவர் திரும்பி நடந்தார். வானுக்குப் போய்ச் சாமானை ஏற்றத் தொடங்கினார். ஒரு நாள் முன்னதாகவே இறங்கினோம். வெலிமடை போயிற்று, பதுளை போயிற்று. நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். கோபம் மலையோடு இறங்கி இறங்கி, பிபிலைக்கு வர எனக்குப் பயமாய் மாறியிருந்தது. அவர் தோடம்பழக் கடையில் வானை நிறுத்தினார். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"எவ்வளவு நாளாக் கேக்கல்ல?"

"தெரியா புள்ள. என்ஜின் கேக்குது, ஆக்கள் பறையிறது கேக்குது. இந்த மெல்லிய சத்தங்கள் எப்ப போனதெண்டு தெரியா. வாவிக்கரையில அது தேவைப்படல்லியே. மேல போனாப் பிறகுதான் எனக்கே விளங்கினது, நீ நிண்டு கேக்கிற இடத்தில எனக்கு ஒண்டுமே இல்லயெண்டு."

"அதைச் சொல்லலாம்தானே? ஏன் பொய்?"

தோடம்பழத்தை உரித்தபடி சொன்னார்: "நான் இல்லெண்டு சொன்னா நீ எழுத மாட்டாய். அவ்வளவு தூரம் போய், குளிருல நடுங்கி, ஒவ்வொண்டுக்கும் உன்ர முகம் அப்பிடி வெளிக்குது. நான் தலையை ஆட்டாட்டி அதெல்லாம் வீண்தானே." ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். "இனி நீ தனியப் போய்ப் பாரு. நான் வரல்ல. உனக்கு இடைஞ்சல்."

நான் போட்ட சட்டம் நாசமாய்ப் போக என்று என்னையே ஏசினேன். அந்த மனிசன் இரண்டு நாளும் தலையாட்டியது என்னை ஏமாற்ற இல்லை. எனக்கு எழுதக் கொடுக்க. நான் அவரைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த நேரம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பழச்சுளையை வாங்கித் தின்றேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னபடியே செய்தார். ஐந்தரைக்கு எழும்புவார், தேத்தண்ணி குடிப்பார், துறைமுகத்துக்குப் போவார். வாவிப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். காதைக் காட்டுவோம் என்று நான் சொன்னால், "காதில மெஷின் போட்டுக்கொண்டு வாழைச்சேனைக்குப் போறதா? அவனுகள் நாள் முழுக்கச் சிரிப்பானுகள்" என்பார். எனக்கும் ரோசம் வந்தது. நீங்கள் வராவிட்டால் நானும் நடக்கல்ல என்று குந்திவிட்டேன். குருவி போனது போகட்டும், நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாய் இருக்கிற ஒரேயொரு மணித்தியாலமும் அல்லவா போகிறது? அந்தப் பயம்தான் எனக்கு. அதற்குப் பிறகு அவர் ஒரு மூலையில் ரீவி, நான் ஒரு மூலையில் போன், அப்படியே கிழண்டிப்போவோம்.

மூன்று கிழமை கழித்துக் கிளினிக்கில் என் சீனி ஏறிவிட்டது என்று டொக்டர் ஏசினார். நடக்கிறதா இல்லையா என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அவர் நிலத்தைப் பார்த்தார். வெளியே வந்து வானில் ஏறும்போது, "சரி, காதைக் காட்டுவம். துறைமுகத்தில ஒருத்தனுக்கும் சொல்லக்கூடாது" என்றார். மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

டவுனில் காது பார்க்கிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே இருத்தி, தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அவர் உடனே அமத்தினார். மறுபடி அமத்தினார். சோதிக்கிற பிள்ளை கதவைத் திறந்து, "ஐயா, நான் இன்னும் ஒரு சத்தமும் போடல்லியே" என்றாள். வெளியே இருந்து சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. சோதிக்கிறவளுக்கும் தலையாட்டப் பார்க்கிறார்!

பத்து நாளில் மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் மறைகிற சின்னச் சாமான், வாழைச்சேனையில் ஒருத்தனும் காணமாட்டான். அதை அவர் காதில் பூட்டிவிட்டு அந்தப் பிள்ளை உள்ளே போனாள். முன்னறையில் ஏழெட்டுப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நான் எழும்பிப் போய் வழமை போலக் கேட்டேன்: "எப்பிடி இருக்கு?"

அவர் துள்ளி விழுந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். "என்ன புள்ள, ஏன் கத்துறாய்?"

இருந்த ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். நான் கத்துகிறேனா? எனக்கு அது சாதாரணமாய்க் கதைப்பது. அப்போதுதான் விளங்கியது. எத்தனை வருசமாய் நான் கொஞ்சம் கொஞ்சமாய்க் குரலைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்! பக்கத்து வீட்டு அக்கா அடிக்கடி, "என்னகா, காலையிலயே சண்டையா?" என்று கேட்பாள். சண்டையே இல்லை, சாப்பிட வாங்க என்றிருப்பேன். இல்லாவிட்டால் கேஸ் சிலிண்டர் முடிஞ்சுது, தண்ணி மோட்டரை நிப்பாட்டுங்க என்று. இந்த வீட்டில் நாங்கள் கதைத்ததெல்லாம் கத்திச் சொல்லக்கூடிய சங்கதிகள்தான். மெல்லமாய்ச் சொல்லவேண்டியவை எல்லாம் எப்போதோ நின்றுபோயிருந்தன.

கிட்டப் போய் இருந்தேன். குரலைக் குறைத்தேன். என் குரலே எனக்குப் புதிதாய் இருந்தது. அவர் தலையைச் சரித்துக்கொண்டு காத்திருந்தார். மலையிலிருந்து இறங்கினதிலிருந்து தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"நீங்க இல்லாம எனக்கு ஒரு குருவியும் வேணாம்."

"ஓம்," என்று தலையை ஆட்டினார். "கேட்டன்."

என்னால் விட முடியுமா? "என்ன கேட்டீங்க? சொல்லுங்க பாப்பம்."

அவர் முன்னறையில் இருந்தவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. மறுகா, படகுத்துறையில் அடுத்த படகுக்காரனைக் கூப்பிடுகிற அதே குரலில், எல்லாருக்கும் கேட்க, ஒரு சொல் பிசகாமல் அதைத் திருப்பிச் சொன்னார்.