டார்வினுக்கு வரும் விருந்தாளிகள்

2011 நவம்பர் 17, வியாழக்கிழமை. ஆஸ்திரேலியாவின் வடகோடி நகரான டார்வினில் அமெரிக்கப் படையினர் முறைவைத்துத் தங்குவர் என்று நேற்று அறிவித்தார்கள். இன்று காலை, சிட்னியில் தமிழ்க் கடைகள் உள்ள பென்டில் ஹில்லுக்கு வந்தேன்.

மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் என்னிடம், யாழ்ப்பாணத்துக் கடைக்காரப் பெண்மணி நாளிதழில் அச்செய்தியைக் காட்டுகிறார்.

"இந்த நாட்டுக்காரங்க கூப்பிட்டுத்தானே அவங்க வர்றாங்க?" என்கிறேன்.

"பிலிப்பைன்ஸுக்கும் உதவிக்கெண்டுதான் போனவங்கள். விருந்தாளியெண்டா போற நாளைச் சொல்லுவான், ஐயா."

பேரரசுகளைப் பற்றி நாள்தோறும் என்னோடு வாதிட்ட மனைவி மறைந்த பின், என்னை மறுத்துப் பேச இன்றுதான் ஒருவர் கிடைத்திருக்கிறார். மூன்று முறை விடைபெறுகிறேன். மூன்று முறையும் வாசலிலிருந்து புதியதொரு வாதத்துடன் திரும்புகிறேன்.

"நீங்களும் அமெரிக்கன் மாதிரித்தான். போறன் எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறியள்."

வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

செய்யாமல் விட்டவை: பக்கத்து வெஸ்ட்மீட்டில் காத்திருக்கும் மகனுக்குத் தொலைபேசுவது. கடையிலேயே மறந்துவிட்ட முருங்கைக்காயை எடுத்துவருவது. நான்காவது வாதத்தை அவரிடம் சொல்வது.