வெட்டாத பட்டு

மில்லிக்கன் பகுதியில் என் வீட்டு பேஸ்மென்டில் இருந்து சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சுகந்தி அக்கா தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, உடுத்தவென்று தந்த பட்டுத்துணி மூன்று கிழமையாக என் மேசையில் கிடந்தது. கத்திரிக்கோலை எடுப்பேன். பிழையாக வெட்டினால் அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காதே என்று பயந்து திரும்ப வைத்துவிடுவேன்.

அக்கா போனில் கேட்டபோது, "அரைவாசி தைச்சிட்டன் அக்கா" என்று பொய் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு வந்து பாக்கிறன்" என்றார்.

எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வருகிறார். மறுநாள் அவர் தோளில் பெரிய பையொன்றைக் கண்டதும் முடிவே செய்துவிட்டேன்: துணியைத் திருப்பி எடுத்துப்போகத்தான் அது.

மடிப்புக் கலையாத பட்டை அக்கா பார்த்தார். பையிலிருந்து ஒரு கட்டு அழைப்பிதழ்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றிலும் பெயர் எழுதப்படவில்லை.

"எல்லாருக்கும் குடுத்தாச்செண்டு என்ர மனுசனுக்குச் சொல்லிப்போட்டன். ஆரையாவது விட்டிடுவனோ எண்ட பயத்தில பேனையே தொடேல்லை. உம்மோட இருந்தாலாவது எழுதுவன் எண்டுதான் வந்தனான்."

அவர் முதல் பெயரை எழுதினார். நான் பட்டில் கத்திரிக்கோலை வைத்தேன்.

பின்னேரத்துக்குள் பிளவுஸ் அரைவாசி முடிந்துவிட்டது. என் பொய் ஒரு நாள் பிந்தி உண்மையானது. ஆனால் அந்தப் பையைக் கண்டு நான் நினைத்ததை அக்காவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைத்தான் இன்னும் தொடங்கவில்லை.