இடம் மாறிய சமாதி

புளியங்குடிகாட்டில் அன்பழகன் மேஸ்திரி கட்டிய வீடுகளைவிட அவர் கட்டிய சமாதிகள்தான் அதிகம். வீடு கட்ட ஆயிரம் யோசிக்கிற ஜனங்கள் அப்பன் செத்துவிட்டால் யோசிக்கவே மாட்டார்கள். கருமாதிக்குள் சமாதி எழும்பிவிட வேண்டும். சொந்தக்காரன் வந்து பார்த்தால் மூக்கில் விரலை வைக்க வேண்டும். செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்பதால் சிமெண்டுக்குப் பஞ்சமில்லை. இப்படியே ஒவ்வொருவராக ஆசைப்பட்டு, ஊர்ப் பொது இடுகாடு முழுக்க மெத்தை வீடு மாதிரி மேடை மேடையாக ஆகிவிட்டது.

மேஸ்திரி நல்ல மனிதர். தூக்குக்குண்டு விட்டால் ஒரு நூல் பிசகாது. குடிக்க மாட்டார், சொன்ன நாளில் வேலையை முடிப்பார், பெரிய வீடு சின்ன வீடு என்று பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவர் வயிற்றில் ஒரு விஷயம் எட்டு வருஷமாக நெருப்பாய் இருந்தது. பெண்டாட்டியிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஐப்பசியில், ஒரே வாரத்தில் ஊரில் இரண்டு சாவு. ஒருவர் உத்திராபதி, முந்திரித் தோப்புக்காரர். இன்னொருவர் நல்லதம்பி, சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்த ஊரில் பால் தெளிக்கிற அன்று தலைமாட்டில் ஒரு கற்றாழை நடுவது வழக்கம். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் கிடந்து பிழைக்கும், நாயும் நரியும் கிட்டே வராது என்பார்கள். உத்திராபதிக்கு வைத்த கற்றாழையைப் பங்காளிப் பையன்கள் ஏனோதானோவென்று மண்ணில் செருகிவிட்டு வந்திருந்தார்கள். நல்லதம்பிக்குப் பிள்ளை இல்லை. அவர் மனைவி சம்பூர்ணமே போய், பொம்பளைக்கு இடுகாட்டில் என்ன வேலை என்று கேட்டவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, ஆழமாகக் குழி பறித்துக் கற்றாழையை நட்டுவிட்டு வந்தாள்.

அப்புறம் பிடித்தது மழை. இரண்டு மேடும் கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. உத்திராபதியின் மகன் திருமுருகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். “கத்தாழை நிக்கிற எடம்தான் மேஸ்திரி, கருமாதிக்குள்ள கிரானைட் போட்டு முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை வைக்கப் போய்விட்டான். மேஸ்திரி போய்ப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு கற்றாழைதான் நின்றது. அதைப் பெயர்த்து, வாடிப்போகக் கூடாதே என்று பக்கத்தில் காலியாகத் தெரிந்த இடத்தில் நட்டுவிட்டு, அடித்தளம் போட்டார். பையன்கள் செருகியது மழையில் அடித்துக்கொண்டுபோய் வாய்க்கால் ஓரத்தில் கிடந்ததை யார் கண்டது?

கருமாதிக்கு மறுநாள் சாமான்களை எடுக்கப் போனபோது சம்பூர்ணம் அங்கே நின்றாள். கிரானைட்டைப் பார்த்தாள், இடம் மாறி நின்ற கற்றாழையைப் பார்த்தாள்.

“எங்க வூட்டுக்காரரு எங்கண்ணே?”

மேஸ்திரிக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. தான் பெயர்த்து நட்டது நல்லதம்பியின் கற்றாழை, கிரானைட் ஏறியிருப்பது அவர் மேல். ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது. “கத்தாழை இருக்குல்ல, அதாம்மா அவரு எடம்.”

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, “சரிண்ணே” என்று போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டு ஓடு ஒழுகினால் கூப்பிடாமலே போய் மாற்றிக் கொடுப்பார் மேஸ்திரி. அவள் கொடுக்கிற மோரைக் குடிக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

இப்படியே போயிருக்கும். மே மாதம் கிராமசபை கூடியது. ஊராட்சித் தலைவி ஜெயசித்ரா எழுந்து, போன வாரம் ஒரு கிழவருக்குக் குழி தோண்டப் போன கதையைச் சொன்னார். மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கான்கிரீட். கடைசியில் வாய்க்கால் கரையில் புதைக்க வேண்டியதாயிற்று. பொது இடத்தில் யாரும் நிரந்தரமாகக் கட்டடம் கட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. இனிமேல் புதிதாகக் கட்டக் கூடாது, கட்டியிருப்பதையும் வீட்டுக்காரர்களே எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் ஊராட்சி எடுக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்தில் பாதிப் பேர் தலைவியைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவரோ உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். தன் பிழைப்பில் மண் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே கொத்தனார் அவராகத்தான் இருப்பார். மேடையே போய்விட்டால் தப்பும் அதோடு போய்விடும் அல்லவா?

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. லீவில் வந்திருந்த திருமுருகன் வீடு தேடி வந்தான்.

“அப்பாவ நம்ம முந்திரித் தோப்புக்கே கொண்டுபோயிடலாம்னு இருக்கேன் மேஸ்திரி. எலும்பு இருக்கும்ல, எடுத்துட்டுப்போயி அங்க பெருசா கட்டிருவோம். நீங்கதான் கூட இருந்து தோண்டணும்.”

மேஸ்திரிக்குத்தானே தெரியும், தோண்டினால் வரப்போவது நல்லதம்பி. கல் உடைத்த மனுஷனை மாலை போட்டு, மேளம் வைத்து, முந்திரித் தோப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சம்பூர்ணத்துக்குப் புருஷன் இல்லாமலே போய்விடும். மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீஸில் போய் நின்றார்.

“பொதைச்ச ஆள நெனச்ச நேரத்துல தோண்டி எடுக்க முடியுமாம்மா?”

“அது எப்படிங்க முடியும்?” என்றார் ஜெயசித்ரா. “பொதைச்சத வெளிய எடுக்கணும்னா மேல அதிகாரிங்க உத்தரவு வேணும். எடுத்தாலும் தோப்புல வச்சுக்க முடியாது. சொந்த நெலமா இருந்தாலும் சுடுகாட்டுக்கு ஒதுக்குன எடம் இல்லேன்னா அதுக்கும் தனியா அனுமதி வாங்கணும். வூடு கிட்ட இருக்கா, குடிதண்ணிக் கெணறு இருக்கான்னு பாப்பாங்க. அந்தச் சிங்கப்பூர்த் தம்பிகிட்ட நானே சொல்லிட்டேன்.”

“அது என்ன சொல்லுச்சும்மா?”

“யாரப் புடிச்சாவது உத்தரவு வாங்கிடறேன்னுச்சு.”

உத்தரவு, அனுமதி என்கிற விதியெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் காப்பாற்றும், மிச்சத்தைத் தானேதான் செய்ய வேண்டும் என்று மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. ஆபீஸிலிருந்து நேரே சம்பூர்ணம் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

“தங்கச்சி, நான் ஒனக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன். அந்தக் கிரானைட்டுக்கு அடியில இருக்கறது உத்திராபதி இல்ல. ஒன் வூட்டுக்காரரு.”

அவள் கையிலிருந்த கொட்டையை உடைத்து, பருப்பைத் தனியாகப் போட்டாள்.

“தெரியும்ணே.”

“தெரியுமா?”

“புருஷனப் பொதைச்ச எடம் எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். சொன்னா ஒடைச்சுப் போட்ருவீங்க. அந்த மனுசன் சிமெண்டுக் கம்பெனிக்குக் கல்லு ஒடைச்சே செத்தாரு. ஒருநாளு சிமெண்டுத் தரையில படுத்ததில்ல. எங்க வூட்டுல மண்தரைதான், நீங்கதான் பாத்திருக்கீங்களே. சரி, இப்பவாவது படுத்துக்கட்டும்னு வுட்டுட்டேன். பேரு வேற ஆளுதா இருந்தா என்ன, அவருக்குப் படிக்கவா தெரியும்?”

மேஸ்திரி இப்போதுதான் உட்கார்ந்தார். எட்டு வருஷமாக இவள் முகத்தைப் பார்க்காமல் குடித்த மோர் எல்லாம் ஒரேயடியாக நெஞ்சில் இறங்கியது மாதிரி இருந்தது.

“அந்தத் தம்பி தோண்டப்போறேங்குது” என்றார்.

சம்பூர்ணம் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். “அப்ப போயிச் சொல்லிருவோம் வாங்க.”

உத்திராபதி வீட்டுக் கூடத்தில் திருமுருகனும் அவன் அம்மா கண்ணகியும் இருந்தார்கள். மேஸ்திரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திருமுருகன் முகம் சிவந்துவிட்டது.

“அப்ப லீவுக்கு லீவு வந்து நான் யாருக்கு மேஸ்திரி மாலை போட்டேன்?”

“எங்காளுக்குத்தான்” என்றாள் சம்பூர்ணம். “நல்ல பெரிய மாலை தம்பி.”

அவன் மேலே ஏதோ கத்தப் போனான். கண்ணகி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அப்ப எங்க வூட்டுக்காரரு இத்தன வருஷமா வெறுங்காட்டுலயா கெடக்காரு? ஒரு வெளக்குகூட இல்லாமயா?”

“வெறுங்காட்டுல எதுக்கு அக்கா கெடக்கணும்? அமாவாசைக்கு அமாவாசை நான் போறேனே. எங்காளுக்கு ஒரு கற்பூரம், அவருக்கு ஒரு கற்பூரம். அவரு கல்லுக்கு அடியில எங்காளு படுத்துருக்காரு, அவர சும்மா வுட்டா நல்லாருக்குமா? கத்தாழைக்குத் தண்ணிகூட ஊத்துவேன்.”

கண்ணகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நல்ல நாளும் கெட்ட நாளுமாய் எட்டு வருஷம், பொம்பளை போகக் கூடாது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவள் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை. பிறகு மகனைப் பார்த்தாள்.

“உத்தரவுமாச்சு ஒண்ணுமாச்சு. ஒங்கப்பாவுக்கு அங்க கவனிக்க ஆளு இருக்கு. தோப்புல கொண்டாந்து வச்சா நீ சிங்கப்பூர்லேருந்து வந்து தண்ணி ஊத்துவியா?”

திருமுருகன் மேடையை எடுக்க மட்டும் ஆள் வைக்கச் சொன்னான். மேஸ்திரி ஆள் வைக்கவில்லை. தானே சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வாழ்நாளில் எதைக் கட்டியபோதும் அவருக்கு அவ்வளவு தெம்பு இருந்ததில்லை. கிரானைட் பலகை உடையாமல் வந்தது. பேர் எழுதிய பக்கத்தைக் கீழே போட்டு, இடுகாட்டு வாசலில் கால் கழுவுகிற குழாயடியில் பதித்துவிட்டார். தலைவி வந்து பார்த்துவிட்டு, பொது இடத்தில் பொதுவாகப் பதித்த கல்லுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

வேலை முடிகிற நேரத்துக்குச் சம்பூர்ணம் வந்தாள். கூடவே கண்ணகியும் வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை என்பதால் வாசலிலேயே தயங்கி நின்றவளை, சம்பூர்ணம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி நல்லதம்பியின் தலைமாட்டில் புதுக் கற்றாழை ஒன்றை ஆழமாக நட்டு முடித்திருந்தார். இந்த எட்டு வருஷத்தில் பழைய கற்றாழை பக்கத்தில் குட்டி போட்டுப் பெருகி நின்றது.

“இதுல எங்க வூட்டுக்காரரு எது தம்பி?” என்று கேட்டாள் கண்ணகி.

அன்பழகன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். சம்பூர்ணம்தான் காட்டினாள்.