தமிழ் தெரிந்த தெரபிஸ்ட்

கிடங்க

குப்புறப் படுக்கச் சொல்லி “கமந்து கிடங்க” என்றேன். மல்லாந்து படுத்திருந்த கோயம்புத்தூர் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியிலிருந்த ஈரத்துணி மடியில் விழுந்தது.

எண்ணெய் தேய்க்கும் வேலையில் கையை விட வாய்தான் சீக்கிரம் வழுக்கும். எந்த வேலையிலாவது முன்பின் தெரியாதவர்களிடம் பேசியே தீர வேண்டியவராக நீங்கள் இருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வீடு கேரள எல்லையில், பாறசாலைக்குத் தெற்கே. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். நெய்யாற்றின்கரைப் பக்கம், ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஸ்பாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தமிழ் தெரியும் என்பதற்காகவே என்னைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் பார்ப்போம், விருந்தினர்கள் நல்லபடியாகச் சொன்னால் நிரந்தரம் என்று மானேஜர் மேடம் சொல்லியிருந்தார்.

கிட என்றுதான் என் அம்மா எங்களைத் தூங்க வைத்தது. அதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “பொணந்தானுங்க கெடக்கும். நான் படுத்துக்கறேன்.”

கிழி

மருந்து இலைகளைத் துணியில் முடிந்து, சூடாக்கி, உடம்பில் ஒற்றி எடுப்பதற்கு இங்கே கிழி என்று பெயர். பெயர்ப்பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். கணவர் வரவேற்பறையில் காத்திருந்தார். உள்ளே அந்தப் பெண்ணிடம், இன்றைக்கு எண்ணெய் முடிந்ததும் கிழி உண்டு, தோளில் தொடங்கிக் கால் வரைக்கும், கொஞ்சம் சூடாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். விருந்தினரைப் பயமுறுத்தக் கூடாது என்பது எங்கள் விதிகளில் ஒன்று.

கதவைத் தாழிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தாழிடவில்லை. அறைக்குள் செல்போன் கூடாது என்பது விருந்தினருக்கான விதி. அதையும் மீறி, நான் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் கணவரை அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஏதோ கிழிக்கப் போறாங்களாம். நீ எங்கயும் போயிடாத.”

தாள்

இரண்டும் மேடத்தின் காதுக்குப் போயின. அவர் திட்டவில்லை. யாரிடமோ கேட்டு, சுத்தமான தமிழ் வாக்கியங்களை மலையாள எழுத்தில் எழுதி ஒரு தாள் கொடுத்தார். ‘தயவுசெய்து படுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் போதுமானதாக உள்ளதா?’ பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்தேன். மறுவாரம் குழித்துறையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். எங்கள் வீட்டுப் பேச்சுதான் அவருக்கும். ஆனாலும் தாளில் உள்ளபடியே ஒன்று விடாமல் சொன்னேன். முட்டுவலிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “நம்ம பக்கத்துப் பிள்ளையாக்கும்னு நெனச்சேன். நீ என்ன மக்கா, ரேடியோ மாதிரி பேசுக?”

மௌனம்

மூன்றாவது மாதத்தின் கடைசி நாள். இனி எந்தத் தமிழும் வேண்டாம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். சுவரில்தான் எழுதி வைத்திருக்கிறார்களே, மௌனம் காக்கவும் என்று.

அன்றைக்கு வந்தவர் கடற்கரைப் பக்கத்துக்காரர். அறுபது வயதிருக்கும். மகள் வளைகுடாவில் நர்ஸ். அங்கிருந்தே அம்மாவுக்காக ஒரு மணி நேரம் பதிவு செய்திருந்தாள். வருஷக்கணக்கில் மீன் கூடை சுமந்த கழுத்து, கயிறு போல முறுகியிருந்தது. கையைக் காட்டினேன், படுத்தார். தோளைத் தொட்டேன், திரும்பினார். பேரென்ன, கல்யாணம் ஆச்சா, வீட்டில் யாரெல்லாம் உண்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் சிரித்தேன், தலையாட்டினேன். பாதியில் அவரும் பேச்சை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டை ஒருமுறை தடவினார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

வரவேற்பறையில் மேடம் அவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டார். துண்டுகளை மடித்துக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். கடற்கரை அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னது தெளிவாகவே கேட்டது:

“பாவம், அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராதாக்கும். அதுக்கென்ன, கை நல்ல கை. வாயுள்ளதுவ எல்லாம் என்னத்தக் கிழிச்சுது? அவளை வேலையிலேருந்து எடுத்துராதே மக்கா.”

அவர் வெளியே போனதும் மேடம் என்னை அழைத்தார். தயாராக இருந்த நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டி, இன்றைக்கு இருந்தது போலவே எப்போதும் இருக்கச் சொன்னார்.

தமிழ் தெரியும் என்று சேர்த்தார்கள், பேச்சு வராது என்று நிரந்தரமாக்கினார்கள்.

அறையைத் துடைக்கப் போனபோது தலைமாட்டில் கடற்கரை அம்மாவின் ஜெபமாலை இருந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தார். கையைத் தொட்டு, விரலை விரித்து, மாலையை வைத்து மூடினேன். வாயைத் திறக்கவில்லை.